வானத்தைக் கறுப்பாக்கியது யார்?

முதலிலேயே ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த மலைப் படங்களை நீங்கள் எங்கேயாவது கட்டாயம் பார்த்திருப்பீர்கள். காலண்டரில், பல் மருத்துவரின் வரவேற்பறைச் சுவரில், யாரோ ஒருவருடைய கணினித் திரையில். கீழே சிகரம் பளீரென்று நிற்கும். மேலே வானம் கன்னங்கரேல். இடி விழப்போகிறதா, பிரளயம் வரப்போகிறதா என்று பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். அந்தக் கறுப்பு வானம் இருக்கிறதே, அது அங்கே இல்லவே இல்லை! கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளுக்கு மேல் இருந்தது சாதுவான பகல்நேர நீல வானம். வடகம் காயவைக்கலாமா என்று யோசிக்கத் தோன்றும் வானம்.

அதைக் கறுப்பாக்கியது ஒரு சிவப்புக் கண்ணாடித் துண்டும், சில ரசாயனத் தட்டுகளும், பியானோ பழகிய இரண்டு கைகளும். இது தெரியவந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுகிற இடத்தைத் தட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்துவிட்ட பையனின் குஷி. வேடம் என்று தெரிந்துபோயிற்று. ஆனால் அவர் களரிக்கு வந்து கர்ஜிக்கும்போது முன்னைவிட இரண்டு மடங்கு பயமாக இருக்கிறது! வாருங்கள், ஓசைப்படாமல் தட்டிக்குப் பின்னால் போவோம்.

1927, ஏப்ரல் 10. இடம், யோசெமிட்டி பள்ளத்தாக்கு. ஆன்சலுக்கு வயது 25. பியானோ கலைஞராவதா, புகைப்படக்காரராவதா என்று மனசு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த பருவம். வருங்கால மனைவி வர்ஜீனியா பெஸ்ட்டும் இன்னும் மூன்று நண்பர்களும் கூட வர, பனியில் சறுக்கிச் சறுக்கி மலையேறுகிறார். குறி, ஹாஃப் டோம். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏறக்குறைய 4,800 அடி நிமிர்ந்து நிற்கிற கருங்கல் மலை. முதுகுப் பக்கம் உருண்டை, முகத்துப் பக்கம் நெட்டுக்குத்துச் சுவர். அந்தச் சுவரை ஒட்டி, மேற்குத் தோளில் ஒரு பாறை விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அதற்கு வைத்திருக்கிற பெயர் 'டைவிங் போர்டு'. நீச்சல் குளத்தில் இருந்தால் சிரிக்கலாம். இங்கே குதித்தால் கீழே பள்ளத்தாக்கு மட்டும்தான்.

முதுகில் 40 பவுண்டு சுமை: மரச்சட்டம் போட்ட பெரிய கோரோனா கேமரா, லென்ஸுகள், ஃபில்டர்கள், முக்காலி, பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகள். ஆமாம், கண்ணாடி! பன்னிரண்டு முறை சொடுக்கலாம், அதோடு கதை முடிந்தது. நாமெல்லாம் ஒரு நெய் தோசையைப் படம் எடுப்பதற்கே பன்னிரண்டு முறை அமுக்குகிற ஜென்மங்கள்.

மனிதர் போகிற வழியில் கண்ட காட்சிகளுக்கெல்லாம் மயங்கித் தட்டுகளைச் செலவழித்துவிட்டார். மதியம் டைவிங் போர்டுக்கு வந்து சேர்ந்தால், பாறைச் சுவர் முழுக்க நிழல். அது வடமேற்கு பார்த்த சுவர்; சூரியன் மேற்கே சாய்ந்த பிறகுதான் அதன் முகத்தில் வெயில் விழும். உட்கார்ந்தார்கள். இரண்டரை மணி வாக்கில் வெயில் பாறையின்மேல் பக்கவாட்டில் ஊர்ந்து வரத் தொடங்கியது. பையில் மிச்சம் இரண்டே தட்டு!

முதல் தட்டுக்கு மஞ்சள் ஃபில்டர். அன்றைய வழக்கம் அதுதான். வானம் லேசாகக் கருக்கும், படம் பார்க்கப் பாந்தமாக இருக்கும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். சொடுக்கிவிட்டுத் தட்டை மூடும்போதே அவருக்குப் பொறி தட்டிவிட்டது. இந்தப் படத்தில் பாறை வரும். தான் அதன் முன்னால் நின்று வாய் பிளந்தது வராது. அது வரவேண்டுமென்றால் வானம் இருள வேண்டும், பாறை அந்த இருட்டிலிருந்து கிளம்பி வர வேண்டும். மஞ்சளைக் கழற்றினார். அடர் சிவப்பை மாட்டினார். அந்தச் சிவப்பு, வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். ஆகவே எஃப் 22, ஐந்து நொடி. ஒரே ஒரு தட்டு. தவறினால் இன்னொன்று கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து!

'மோனோலித், தி ஃபேஸ் ஆஃப் ஹாஃப் டோம்' என்கிற உலகப் புகழ்பெற்ற படம் அதுதான். சொடுக்குவதற்கு முன்பே, சுவரில் மாட்டப்போகிற பிரிண்டை மனக்கண்ணில் பார்த்துவிடும் வித்தை தனக்கு முதன்முதலில் பலித்தது அன்றைக்குத்தான் என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பத்து வருஷம் கழித்து, 1937இல், யோசெமிட்டியில் அவருடைய டார்க் ரூம் தீப்பிடித்து ஏராளமான நெகட்டிவ்கள் நாசமாயின. இந்தத் தட்டு தப்பித்தது. எனக்கு இப்போது நினைத்தாலும் பகீரென்கிறது.

அந்தச் சிவப்புக் கண்ணாடி அப்படி என்னதான் செய்கிறது? ரொம்ப எளிது. நீல ஒளியை வாசலிலேயே நிறுத்திவிடும். வானம் நீலம், எனவே படத்தில் கறுப்பு. தூரத்து மலைகளைப் பூசி மெழுகுகிற புகைமங்கலில் பெரும்பங்கு காற்றில் சிதறிய நீல ஒளிதான். அதையும் உள்ளே விடாது. அதனால் பத்து மைல் தள்ளி நிற்கிற மலையின் வெடிப்பெல்லாம் தெளிவாகத் தெரியும். இதற்கு மேல் ஒரு கொசுறும் உண்டு, அதுதான் எனக்குப் பிடித்தது. வெயில் படாத நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பது எது? தலைக்கு மேலே இருக்கிற வானம். அந்த வெளிச்சமும் நீலம். ஆகவே நிழல்களும் சேர்ந்து கறுத்துப்போகும்! வெயிலில் நனைந்த கருங்கல்லும் பனியும் மட்டும் தப்பித்துத் தனியாகத் தெரியும். ஒரு கண்ணாடித் துண்டு, மூன்று வேலை.

இந்த வசதி இல்லாத முன்னோர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. 1863இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் போர்ன், மூன்று முறை இமயமலைக்குப் படையெடுத்தார். கூலிகள் படை உண்மையிலேயே பின்னால் வந்தது. அந்தக் காலத்து முறைப்படி கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். அதற்காக இருட்டுக் கூடாரம், புட்டிகள், தண்ணீர் எல்லாம் கூடவே மலையேற வேண்டும். 1866இல் 18,600 அடி உயரத்தில் மணிரங் கணவாயில் நின்றுகொண்டு இதைச் செய்திருக்கிறார். அவ்வளவு பாடுபட்டும் வானம் வெள்ளைக் காகிதம்! காரணம், அந்தத் தட்டுகளுக்கு நீலம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வானத்து நீலத்தை வயிறு முட்டக் குடித்துவிட்டு அங்கே அப்படியே வெளுத்துவிடும். சிவப்பையும் பார்க்கத் தெரிந்த 'பான்குரோமாட்டிக்' தட்டுகள் 1900களின் தொடக்கத்தில் கடைக்கு வந்த பிறகுதான் சிவப்பு ஃபில்டருக்கே வேலை வந்தது. அதுவரை பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? மேகத்தை வேறொரு நாள், வேறொரு நெகட்டிவில் பிடித்து வைத்துக்கொண்டு, பிரிண்ட் போடும்போது வெற்று வானத்தில் ஒட்டிவிட்டார்கள். செல்போன்காரர்கள் வானத்தை மாற்றுகிறார்கள் என்று இன்று புலம்புகிறவர்கள் காதில் இதைப் போட்டுவையுங்கள்.

ஆன்சல் தலைவணங்கிய முன்னோடி ஒருவர் உண்டு: இத்தாலிக்காரரான விட்டோரியோ செல்லா. 1899இல் கஞ்சன்ஜங்காவைச் சுற்றிவந்த குழுவோடு சிக்கிமுக்கு வந்தவர். சினியோல்சு சிகரத்தை அவர் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வேலையை உடனே பார்க்க முடியாது. 1909இல் கே 2 சிகரத்துக்கும் போனார். பெரிய கண்ணாடித் தட்டுகளோடு ஏறி, பல தட்டுகளை அடுத்தடுத்து எடுத்து ஒட்டி, நீளமான மலைத்தொடர்க் காட்சிகளைத் தந்தவர். அவரிடம் நாடகம் குறைவு, நிதானம் அதிகம். மலையை நேரில் தெரிந்துகொள்ள செல்லா, மலையிடம் மயங்கி விழ ஆன்சல் என்பது என் கணக்கு.

இனி, படம் கட்டுவது எப்படி என்கிற இடத்துக்கு வருவோம். ஆன்சலின் பெரிய கேமராவுக்குப் பின்பக்கம் ஒரு மங்கல் கண்ணாடி இருக்கும். அதில் காட்சி தலைகீழாக விழும். கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, வானம் கீழே, மலை மேலே தொங்குகிற காட்சியைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் முடிவுசெய்ய வேண்டும். கேட்கத் தொல்லையாக இருக்கிறதா? பெரிய கேமராக்காரர்களைக் கேட்டால் வரம் என்பார்கள். தலைகீழாகப் பார்க்கும்போது 'இது மலை, இது மரம்' என்கிற நினைப்பே போய்விடும். கறுப்பு இங்கே ஒரு திட்டு, வெள்ளை அங்கே ஒரு திட்டு, இந்தப் பக்கம் கனம் கூடிவிட்டது என்று வடிவம் மட்டும் கண்ணில் நிற்கும். செல்போனில் எடுத்த படத்தைத் திருப்பி வைத்துப் பாருங்கள், எந்த மூலை இடிக்கிறது என்று சட்டென்று பிடிபடும்.

அந்தக் கேமராவுக்கு இன்னொரு வசதி. லென்ஸ் இருக்கும் முன்பலகையையும் தட்டு இருக்கும் பின்பலகையையும் தனித்தனியே ஏற்றலாம், இறக்கலாம், சாய்க்கலாம். முன்பலகையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால், காலடிக் கல்லிலிருந்து கண்காணாத சிகரம் வரை எல்லாம் ஒரே கூர்மையில் நிற்கும். பின்பலகையை நிமிர்த்தியே வைத்திருந்தால் மரங்கள் மேலே போகப்போக ஒன்றின்மேல் ஒன்று சாயாது. 'மவுண்ட் வில்லியம்சன்' படத்தில் பாருங்கள்: யானை யானையாகப் பாறைகள் காலடியிலிருந்து மலையடிவாரம் வரை இறைந்து கிடக்கும். அத்தனையும் கூர்மை! மேலே மேகத்தைக் கிழித்துக்கொண்டு வெயில் இறங்கும். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்துவைத்திருந்த மன்சனார் முகாமைப் படமெடுக்கப் போன நாட்களில், அதன் அருகிலிருந்து எடுத்தது.

அங்கே எந்தக் குன்றின் உச்சியில் ஏறி நின்றார் என்று தேடாதீர்கள். நின்றது கார் கூரைமேல்! ஆன்சல் தன் காரின் தலையில் மரப்பலகை மேடை ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். முக்காலியோடு அதன்மேல் ஏறிக்கொள்வார். தரையில் நின்றால் முன்பாறை பின்பாறையை மறைக்கும். சில அடி உயர்ந்தாலே பாறைகள் ஒன்றை ஒன்று விட்டு விலகி, இடையில் தரை தெரிந்து, கண் ஓடிப்போய் மலையைத் தொட ஒரு வழி பிறக்கும். 'இயற்கையின் ஏகாந்தம்' என்று நாம் உருகுகிற பல படங்கள் சாலையோரத்தில் வண்டி நிறுத்தி, அதன் தலையில் ஏறி எடுத்தவை. இதைப் படித்ததும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு நிம்மதியாகவும் இருந்தது. மூட்டுவலிக்காரர்களுக்கும் மலைப் படம் எடுக்க ஒரு வழி இருக்கிறது.

1944, லோன் பைன் ஊர். 'விண்டர் சன்ரைஸ்' படத்துக்காக ஆன்சல் நான்கு நாள் விடியற்காலையில் போய் நின்றும் மேகமும் வெயிலும் ஒத்துவரவில்லை. ஐந்தாம் நாள், கடும் குளிர். மேடைமேல் கேமராவை ஏற்றிவிட்டுக் காத்திருக்கிறார். பின்னால் பனிச்சிகரங்களில் வெயில் ஏறிவிட்டது. நடுவில் குன்றுகள் கரிய இருட்டு. முன்னால் மேய்ச்சல் நிலம், மரங்கள், மெல்லப் பரவும் வெளிச்சம், அதில் ஒரு குதிரை. குதிரையோ கேமராவுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு புல் மேய்கிறது! வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. கத்தவும் முடியாது, கைதட்டவும் முடியாது. கடைசி நொடியில் குதிரை தானாகத் திரும்பிப் பக்கவாட்டில் நின்றது. சொடுக்கினார். இந்தப் படத்தின் உயிரே அந்தக் குதிரை என்பேன். அது ஒரு பொட்டு அளவுதான் இருக்கும். ஆனால் அதைக் கண்டுபிடித்த மறுகணம் பின்னால் இருக்கிற மலைகள் எல்லாம் மளமளவென்று வளர்ந்துவிடும்.

இதே படத்தில் இன்னொரு வேடிக்கை. அந்த ஊர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், நடுவில் இருக்கிற கரிய குன்றின் சரிவில், ஊர்ப் பெயரின் முதலெழுத்துகளான 'எல்.பி.'யைச் சுண்ணாம்பு அடித்துப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். இடது பக்கம் ஜம்மென்று விழுந்திருந்தது. ஆன்சல் என்ன செய்தார்? நெகட்டிவில் அதை மறைத்துவிட்டார். பிரிண்டிலும் டச்சப் செய்தார். சிலர் இது தர்மமா என்று கேட்டார்கள். அந்த வடுவை வருங்காலத்துக்குக் காப்பாற்றிக் கொடுக்கிற அளவுக்குத் தான் தூய்மைவாதி இல்லை என்கிற தொனியில் பதில் வந்தது. 1932இல் எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோரோடு சேர்ந்து, படத்தில் ஓவியப் பூச்சு கூடாது என்று முழங்கி 'எஃப் 64' என்ற குழுவைத் தொடங்கியவர் இவர்! எனக்கு இந்த முரண்பாடு பிடித்திருக்கிறது. மலையில் யாரோ சுண்ணாம்பு அடித்தால் நானும் அழிப்பேன்.

அளவு காட்டும் வித்தையில் இன்னொரு ராட்சசர் பிராட்ஃபோர்ட் வாஷ்பர்ன். இவர் மேடையாக்கிக்கொண்டது கார் கூரையை அல்ல, விமானத்தை. கதவைக் கழற்றிவிட்டு, கயிற்றால் தன்னைக் கட்டிக்கொண்டு, ஐம்பது பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஃபேர்சைல்டு கேமராவை வாசலில் பிடித்துக்கொண்டு, அலாஸ்காவின் உறைபனிக் காற்றில் சிகரங்களைப் படமெடுத்தார். 1960இல் ஆல்ப்ஸில் டோல்டன்ஹார்ன் மலையை எடுத்தது அவருடைய பெயர்பெற்ற படங்களில் ஒன்று. கூரான பனி விளிம்பு ஒன்று வளைந்து வளைந்து போகும். அதன்மேல் எறும்பளவில் சில ஆட்கள். முதலில் அவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். பட்டதும் உள்ளங்கை வியர்க்கும்.

அடுத்து என் செல்லக் கதை. 1941ஆம் ஆண்டின் பிற்பகுதி, நியூ மெக்சிகோ. மகன் மைக்கேலும் நண்பர் செட்ரிக் ரைட்டும் வண்டியில். நாள் முழுக்க உருப்படியான படம் கிடைக்காமல் சாந்தா ஃபே நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறார் ஆன்சல்: ஹெர்னாண்டஸ் என்ற குட்டி ஊர், தேவாலயம், கல்லறைத் தோட்டத்தில் சிலுவைகள், அவற்றின்மேல் அணையப்போகும் சூரியனின் கடைசி வெளிச்சம், தூரத்தில் பனிமலைகள், அவற்றுக்கு மேலே நிலா! வண்டியை கிட்டத்தட்டப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தினார். அதை எடு, இதை எடு என்று கூட வந்தவர்களைப் பார்த்து ஒரே கத்தல். கேமரா தயார், ஃபில்டர் தயார். வெளிச்சம் அளக்கும் மீட்டரைக் காணோம்!

இந்த இடத்தில் நானாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பேன். அவர் மனக்கணக்குப் போட்டார். நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். ஃபிலிமின் வேகம் 64. அதன் வர்க்கமூலம் 8. எனவே எஃப் 8இல் நொடியில் 250இல் ஒரு பங்கு கொடுத்தால் நிலா நடுச் சாம்பல் நிறமாகப் பதியும். நிலா சாம்பலாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? இரண்டு படி ஏற்றி வெளிச்சமாக்க, 60இல் ஒரு பங்கு. மஞ்சள் ஃபில்டர் மூன்று மடங்கு கேட்கும். 20இல் ஒரு பங்கு. முன்னும் பின்னும் கூர்மையாக வர எஃப் 32 வேண்டும். அது பதினாறு மடங்கு. ஆக, சுமாராக ஒரு நொடி. சொடுக்கினார். ஃபிலிம் சட்டத்தைத் திருப்பி இன்னொன்று எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கை நீளும்போதே சிலுவைகள்மேல் இருந்த வெயில் போய்விட்டது. 'மூன்ரைஸ்' என்ற அந்தப் படத்துக்கு இருப்பது ஒரே நெகட்டிவ்தான்.

இவ்வளவு கணக்குப் போட்டவர் தேதியை மட்டும் குறித்துவைக்கவே மாட்டார்! ஒருமுறை ஒரு வருஷம் சொல்வார், மறுமுறை வேறொன்று. கடைசியில் வானியல்காரர்கள் நிலா நின்ற இடத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டியதாயிற்று. 1991இல் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழின் டென்னிஸ் டி சிக்கோ கண்டுபிடித்துச் சொன்னார்: 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் 20 நொடி. 2006இல் இந்தப் படத்தின் ஒரு பிரிண்ட் சத்பீஸ் ஏலத்தில் 6,09,600 டாலருக்குப் போயிற்று.

அந்த 'இரண்டு படி ஏற்றுவது' என்ற பேச்சு அவரே உண்டாக்கிய முறையிலிருந்து வந்தது. 1939-40 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸில் பாடம் நடத்தியபோது, ஃபிரெட் ஆர்ச்சர் என்ற சக ஆசிரியரோடு சேர்ந்து, முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை பதினொரு படிகளாகப் பிரித்தார். அதன் பெயர் 'ஸோன் சிஸ்டம்'. கேமரா மீட்டர் ஓர் அப்பாவி. பனியைக் காட்டினாலும் கரியைக் காட்டினாலும் எல்லாவற்றையும் ஐந்தாம் படியான நடுச் சாம்பலாகவே நினைத்துக்கொள்ளும். பனியை எந்தப் படியில் வைப்பது, குகை நிழலை எந்தப் படியில் வைப்பது என்பதைச் சொல்ல வேண்டியது நீங்கள். சங்கீதத்தில் ஸ்தாயி தெரிந்தவருக்கு இது விளையாட்டு; எனக்கு இன்னும் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

இனிமேல்தான் அசல் கூத்து. இருட்டறை!

'மூன்ரைஸ்' நெகட்டிவை எதுவும் செய்யாமல் அப்படியே பிரிண்ட் போட்டால் எப்படி இருக்கும் தெரியுமா? அந்தப் பிரிண்டும் இருக்கிறது, ஆன்சலே காட்டுவார். வானம் வெளிர் சாம்பல், அதில் மெல்லிய மேகக் கீற்றுகள், கீழே மங்கலாக ஒரு ஊர். பக்கத்து வீட்டு மாமா எடுத்தது என்றால் நம்பிவிடலாம். அங்கிருந்து நாம் அறிந்த அந்த நள்ளிரவு வானம் வரை கொண்டுவந்தது முழுக்க அவருடைய கைதான்.

என்லார்ஜரின் ஒளி காகிதத்தில் விழும்போது, எங்கே கூடுதல் வெளிச்சம் விழுகிறதோ அங்கே கறுப்பு கூடும். எனவே வெளுப்பாக வேண்டிய இடத்தின் மேல் சின்ன அட்டையை ஆட்டி ஒளியை மறைப்பார். இதை 'டாட்ஜிங்' என்பார்கள். கறுக்க வேண்டிய இடத்துக்கு, நடுவில் ஓட்டை போட்ட அட்டை வழியாகக் கூடுதல் ஒளி விடுவார், இது 'பர்னிங்'. அட்டை ஒரே இடத்தில் நின்றால் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். கை அசைந்துகொண்டே இருக்க வேண்டும். வானத்துக்கு இத்தனை நொடி, கீழ்விளிம்புக்கு இத்தனை, இடது மூலைக்கு இன்னும் இத்தனை. நொடிகளை எண்ண அவர் வைத்திருந்தது கடிகாரம் அல்ல, பியானோ பயிற்சிக்கு வைக்கிற மெட்ரோனோம்! டக், டக், டக் என்று தாளம் போகப் போக, இருட்டில் கைகள் ஆடிக்கொண்டிருக்கும். நெகட்டிவ் என்பது ஸ்வரக் குறிப்பு, பிரிண்ட் என்பது கச்சேரி என்கிற பொருளில் அவர் அடிக்கடி சொன்னதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா?

ஒரே ஸ்வரக் குறிப்பை வருஷத்துக்கு வருஷம் வேறு மாதிரி வாசித்தார் என்பது கூடுதல் சுவாரசியம். 'மூன்ரைஸ்' படத்தின் ஆரம்பகாலப் பிரிண்டுகளில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும். 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் மீண்டும் நனைத்து அழுத்தம் ஏற்றினார். வயது ஏற ஏற வானம் கறுத்துக்கொண்டே போயிற்று. 1970களின் பிரிண்டுகளில் மேகம் ஏறக்குறையக் காணாமலே போய்விட்டது. எனக்கு நடுவாந்திரப் பிரிண்டுகள்தான் பிடிக்கும். முதல் காலத்தவை கூச்சப்படுகின்றன, கடைசிக் காலத்தவை கொஞ்சம் அதிகமாகவே முழங்குகின்றன.

இன்னொன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று தெரிகிற பிரிண்ட், காய்ந்ததும் ஒரு நிழல் கருத்துவிடும். பனிமலையின் வெள்ளையில் இந்தச் சின்ன வித்தியாசம் போதும், படம் செத்துவிடும். ஒவ்வொரு சோதனைப் பிரிண்டும் காயும்வரை யார் காத்திருப்பது? ஆன்சல் அதைத் தூக்கி மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தார்! சற்று நேரத்தில் காய்ந்த பிரிண்ட் தயார். அமெரிக்க நிலக்காட்சிக் கலையின் சிகரங்கள் சில, மைக்ரோவேவில் சுடச்சுட வெளிவந்தவை.

அப்படியானால் எல்லாம் பொய்யா என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தக் கேள்வியில் ஆர்வமில்லை. மனிதக் கண் உலகத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பார்ப்பதே கிடையாது. நிறத்தைக் கழற்றிய நிமிடமே படம் உள்ளதை விட்டு விலகிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு கறுப்பு என்பது ரசனைக்கு உட்பட்ட விஷயம். சிகரத்தை நகர்த்தினால் சண்டைக்கு வருவேன். வானத்தை இருட்டினால் கைதட்டுவேன்.

நீங்களும் செய்து பார்க்கலாம், கண்ணாடித் தட்டும் கோவேறு கழுதையும் வேண்டாம். படத்தை வண்ணத்திலேயே எடுங்கள். பிறகு எடிட்டிங் செயலியில் கறுப்பு வெள்ளையாக்கி, நீலத்துக்கான பட்டையைக் கீழே இழுங்கள். சிவப்பையும் மஞ்சளையும் கொஞ்சம் ஏற்றுங்கள். வானம் உங்கள் கண்ணெதிரே இருளும். கூச்சல் போடாமல் இருக்க முடியாது, பக்கத்தில் ஆள் இல்லாதபோது செய்யுங்கள். ரொம்ப இழுத்தால் வானத்தில் புள்ளி புள்ளியாக மணல் தெரியும், மலை விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்று காட்டிக்கொடுக்கும், அங்கே நிறுத்திவிடுங்கள். மூட்டம் போட்ட நாளில் இந்த வித்தை பலிக்காது. மேகத்தில் நீலம் இல்லை, இழுப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சிவப்பு ஃபில்டர் பச்சையையும் இருட்டிவிடும், சோலைக்காடு மொத்தமும் கரித்திட்டாகிவிடும். அங்கே சிவப்பை விட்டு மஞ்சளோடு நில்லுங்கள், அல்லது பச்சைப் பட்டையைத் தனியாக உயர்த்திக்கொள்ளுங்கள்.

மதிய வெயிலை மறந்துவிடுங்கள். சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போதுதான் மலைக்கு முதுகெலும்பும் விலா எலும்பும் தெரியும். கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். நிறம் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். அப்போதும் காட்சி தாங்குகிறதென்றால் எடுங்கள்.

ஆன்சல் 1984இல் காலமானார். டீட்டன் மலைகளையும் அவற்றின் முன்னால் வளைந்தோடும் ஸ்நேக் நதியையும் 1942இல் அவர் எடுத்த படம், 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் பதிவாகிச் சூரியக் குடும்பத்தை விட்டே போய்க்கொண்டிருக்கிறது. படம் எடுத்த அந்தச் சாலையோரத்தில் மரங்கள் வளர்ந்துவிட்டதால் நதியின் வளைவு இப்போது சரியாகத் தெரிவதில்லை. வேற்றுக்கிரகவாசிகள் நேரில் வந்தால் ஏமாந்துபோவார்கள். நெகட்டிவ்கள் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில், பல்கலைக்கழகத்தின் படைப்புப் புகைப்பட மையத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1975இல் அந்த மையம் உருவாக அவரும் ஒரு காரணம். அமெரிக்காவில் இருக்கிற நம் வாசகர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். அசல் பிரிண்ட் ஒன்றைக் காட்டினார்கள் என்றால் சிகரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் நான்கு மூலைகளையும் பாருங்கள். எந்த மூலை எவ்வளவு கருத்திருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.